கணக்கில் ஒரு ஆள் குறைவு

விண்வெளிக் கதை என்றாலே எனக்கு ஆகாது. வெள்ளிக் கலரில் சட்டை போட்டுக்கொண்டு, ஆளாளுக்கு உத்தரவு போட்டுக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் எங்கள் மாதாந்திர ஆய்வுக் கூட்டம்தான் ஞாபகம் வரும். நான் கிராம சுகாதார செவிலியர். தர்மபுரி மாவட்டத்தில் இண்டூர்ப் பக்கம் நான்கு ஊர்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. நாள் முழுக்க ஸ்கூட்டரில் வெயில் தின்றுவிட்டு வந்தால், டிவியிலும் இன்னொரு கூட்டமா என்று கத்துவேன். பிளஸ் டூ படிக்கும் என் மகள் வாயில் என்னை மிஞ்சியவள். "ஒரே ஒரு எபிசோடு பாரும்மா. புடிக்கலைன்னா நாளையிலிருந்து உன் சீரியலே ஓடட்டும், நான் வாயே திறக்கல" என்றாள். அவள் வாய் திறக்காமல் இருப்பாள் என்ற ஆசையில்தான் உட்கார்ந்தேன்.

தமிழில் டப்பிங் செய்த தொடர் அது. பூமி பாழாகிவிட்டது. மிச்சமிருக்கும் மனிதர்கள் வேறொரு கோளில், கண்ணாடிக் கூரை போட்ட ஒரே ஊருக்குள் அடைந்து கிடக்கிறார்கள். வெளியே போனால் மூச்சு நின்றுவிடும். உள்ளேயும் காற்று குறைந்துகொண்டே வருகிறது. ஒவ்வொரு எபிசோடும் ஒரே மாதிரி தொடங்கும். ஊரின் பெரிய இரும்புக் கதவைக் காட்டுவார்கள். அதன் மேல் ஓர் எண் இருக்கும். இன்றைக்கு உயிரோடு இருப்பவர்கள் இத்தனை பேர், அவ்வளவுதான். பேச்சும் கிடையாது, பாட்டும் கிடையாது. முதல் நாள் நாலாயிரத்துச் சொச்சம் இருந்தது. மறுநாள் அது குறைந்திருந்தது.

அந்த எண்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. என் பிழைப்பே அதுதானே. எந்த ஊரில் எத்தனை பேர் மாசமாக இருக்கிறார்கள், யாருக்கு எத்தனையாவது மாதம், யாருக்கு ரத்தம் குறைவு என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கைப்பேசிச் செயலியில் ஏற்றுவது போக, எனக்கென்று நீளமான நோட்டு ஒன்று வைத்திருந்தேன். பிரசவம் ஆனால் அந்தப் பெயரின் மேல் சிவப்புக் கோடு போட்டு, ஓரத்தில் தேதியும் குழந்தையின் எடையும் எழுதுவேன். வேறு இடத்துக்கு மாறிப் போனாலும் கோடு போட்டு, அங்கே இருக்கும் செவிலியரின் பெயரையும் போன் நம்பரையும் எழுதுவேன். என் நோட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைப்பானேன்.

மகள் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் அந்தத் தொடரின் எண்ணிக்கையை எழுத ஆரம்பித்தாள். முந்தின எண், செத்தவர்கள், மிச்சம். அடுத்த எபிசோடில் எத்தனை பேர் குறைவார்கள் என்று எங்களுக்குள் போட்டி வேறு. "இன்னிக்கு அந்த மூக்கு நீட்டமானவன் போயிடுவான் பாரு, ரொம்ப நல்லவனா பேசுறான்" என்று நான் வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்வேன். சொன்னபடியே போய்விடுவான். "அய்யோ, உன் வாய்ல விழுந்தவன் தப்பிக்கவே மாட்டான்மா" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். ஓசூரில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து எங்களைப் பார்த்து, ரெண்டும் கழன்று போச்சு என்றார்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். முந்தின எண் ஆயிரத்து நூற்றி ஆறு. அந்த எபிசோடில் ஒரு கிழட்டு இன்ஜினியரும் ஒரு காவல்காரனும் செத்தார்கள். அடுத்த எபிசோடு தொடங்கியது. கதவின் மேல் ஆயிரத்து நூற்றி மூன்று. மகள் ரிமோட்டை அழுத்தி நிறுத்தினாள்.

"மா, ஒரு ஆள் குறையுது."

"அதான் ரெண்டு பேரு செத்தானுங்களே."

"ரெண்டு பேருதான் செத்தாங்க. மூணு குறைஞ்சிருக்கு."

"எழுதினவன் தூங்கியிருப்பான். ஓட்டு, எனக்கு மாவு அரைக்கிற வேலை கிடக்குது."

அவள் ஓட்டவில்லை. பின்னால் போய் மறுபடி பார்த்தாள், அதற்கும் பின்னால் போய்ப் பார்த்தாள். மூன்றாவது சாவு எங்கேயும் இல்லை. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எண்ணிக்கை குறைஞ்சா காரணம் இருக்கணும்மா. காரணமே எழுதாம ஆளை மட்டும் எடுத்துட்டா அது என்ன கணக்கு?" என்றாள்.

நான் கிரைண்டரில் அரிசியைப் போட்டேன். போட்டவள் சுவிட்சைத் தட்டாமல் அப்படியே நின்றேன். காரணம் எழுதாமல் நான் ஒரு கோடு போட்டிருந்தேன்.

பையிலிருந்து நோட்டை எடுத்துத் தரையில் வைத்துப் பிரித்தேன். என் நான்கு ஊர்களில் ஒன்றில் போன மாதம் பதினேழு பேர். மூன்று சிவப்புக் கோடுகள். முதல் இரண்டுக்கும் தேதி இருந்தது, எடை இருந்தது. மூன்றாவதின் ஓரத்தில் 'தாய் வீடு' என்று இரண்டே வார்த்தை. எந்தச் செவிலியர், எந்த நம்பர், ஒன்றும் இல்லை. முந்தாநாள் தடுப்பூசிப் பெட்டியோடு தெருவில் போய்க்கொண்டிருந்தபோது அந்த மூன்றாவது பெயர்க்காரியின் மாமியார் வாசலில் நின்று, "மருமவ ஆத்தா வூட்டுக்குப் போயிட்டாங்க நர்சம்மா" என்று சத்தமாகச் சொன்னார். வண்டியை நிறுத்தக்கூட இல்லை நான். தலையை ஆட்டிவிட்டுப் போய், மத்தியானம் கோடு போட்டுவிட்டேன்.

அவளை அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். இருபத்தாறு வயது. பத்தாவது வரை படித்தவள். இரண்டும் பெண் குழந்தைகள். இது மூன்றாவது, ஐந்தாவது மாதம் நடந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போவார்கள். அதுவும் வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதத்துக்கு மேல். மூன்றாவது பிள்ளைக்கு, ஐந்தாவது மாதத்தில் எவள் போகிறாள் தாய் வீட்டுக்கு? பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும் இது. பதினான்கு வருஷம் இந்த வேலையில் கிடந்த எனக்கு உறைக்கவில்லையே என்று என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அவளுடைய அம்மா வீடு நல்லம்பள்ளிப் பக்கம். அங்கே இருக்கும் செவிலியரை அழைத்தேன். "எங்கிட்ட அப்படி யாரும் வரலீங்களேக்கா" என்றாள். என் கணக்கில் அவளை நான் எடுத்துவிட்டேன். நல்லம்பள்ளிக் கணக்கில் அவள் ஏறவே இல்லை. இரண்டு நாளாக அவள் எந்த நோட்டிலும் இல்லாத ஆள். எதற்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு பெண் பெற்றவளை ஐந்தாவது மாதத்தில் ஏன் மறைப்பார்கள் என்று எங்கள் மாவட்டத்தில் செவிலியருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஏதோ ஒரு வீட்டில் கள்ளத்தனமாக ஸ்கேன் வைத்துப் பார்ப்பார்கள். பெண் என்றால் அங்கேயே, டாக்டரே இல்லாத ஒருவன் கையால், கலைப்பார்கள்.

பதினொன்றாவது இருக்க வேண்டிய ரத்த அளவு இவளுக்கு எட்டுதான். இரண்டாவது பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் மூன்று பாட்டில் ஏற்றினோம். தர்மபுரிக்கு ஆம்புலன்ஸில் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் செத்துருவனாக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள். அவளை எவனாவது தொட்டால், கலைவது கரு மட்டுமாக இருக்காது. அவள் நம்பருக்கு அடித்தேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எங்கள் மருத்துவ அலுவலரை அழைத்துச் சொன்னேன். மேலே தகவல் சொல்கிறேன், நீங்கள் முதலில் ஆளைக் கண்டுபிடியுங்கள் என்றார்.

விடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். மாமியார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "அதான் சொன்னனே, ஆத்தா வூட்ல இருக்கறா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வயசுச் சின்னப் பெண் நின்றிருந்தது. மூக்கு ஒழுகி, அழுது அழுது கண் வீங்கியிருந்தது. இன்னும் தாய்ப்பால் மறக்காத பிள்ளை.

"ஆத்தா வூட்டுக்குப் போறவ இதை வுட்டுட்டா போவா?" என்றேன்.

அவர் குடத்தைத் தரையில் டங்கென்று வைத்தார். எனக்கு வாய்க்கு வந்தபடி வந்துவிட்டது. "உங்க பேரன் ஆசைக்கு இந்த ரெண்டு புள்ளைங்களையும் தாயில்லாம வுட்ராதீங்க. ஏதாவது ஆச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அரசாங்க வேலையில் இருப்பவள் அப்படிக் கத்தக் கூடாதுதான். கத்தினேன்.

அங்கேயே நின்றுகொண்டு புருஷன் நம்பருக்கு அடித்தேன். மூன்றாவது தடவை எடுத்தான்.

"எங்க இருக்கீங்க?"

"மாமியார் வூட்லதானுங்க மேடம், நல்லம்பள்ளில."

அவன் குரலுக்குப் பின்னால் ஒருவன், "திருவண்ணாமலை, திருவண்ணாமலை, ஏறு ஏறு" என்று கத்திக்கொண்டிருந்தான். அதற்கும் பின்னால் இன்னொருவன் சேலத்துக்குக் கூப்பிட்டான். நான் மூன்று வருஷம் அரூரில் வேலை பார்த்தவள். அந்தப் பஸ் ஸ்டாண்டின் சத்தம் எனக்குத் தெரியாதா?

"அரூர்ல உனக்கு எந்த மாமியாருப்பா?" என்றேன். போனை வைத்துவிடுவான் என்று தெரிந்தது. மூச்சு விடாமல் சொன்னேன். "உங்களைப் புடிச்சுக் குடுக்கறதுக்காக நான் கூப்பிடல. கேளு. போன பிரசவத்துல எத்தனை பாட்டில் ரத்தம் ஏத்தினோம்? ராத்திரி முழுக்க நீதானே ரத்தத்துக்கு ஓடுன? இப்ப அவ ஒடம்புல ரத்தமே இல்லப்பா. எட்டு. அவனுங்க கை வெச்சா அவ திரும்பி வர மாட்டா. ரெண்டு புள்ளைய வெச்சிக்கிட்டு நீ என்னா பண்ணுவ? சின்னது இங்க அழுதுக்கிட்டு நிக்குது." போனைத் துண்டித்துவிட்டான். மறுபடி அடித்தேன். அதையும் அணைத்துவிட்டான்.

அரூரில் என் பழைய சிநேகிதி ஒருத்தி செவிலியராக இருக்கிறாள். அவளை பஸ் ஸ்டாண்டுக்கு ஓடச் சொன்னேன். அரை மணி நேரத்தில் அவள் அழைத்து, "சுத்திப் பார்த்துட்டேன், நீ சொன்ன அடையாளத்துல யாருமே இல்லடி" என்றாள். வண்டி ஏதாவது வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டதா என்று கேட்டேன். கேட்டு என்ன? அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

அன்றைக்குத் தடுப்பூசி நாள். துணை சுகாதார நிலையத்தில் தாய்மார்கள் குழந்தைகளோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஊசி போட்டேன், எடை பார்த்தேன், சொட்டு மருந்து விட்டேன். போன் அடித்தபோதெல்லாம் ஓடிப்போய் எடுத்தேன். ஒரு தடவை கேஸ் கம்பெனி, இரண்டு தடவை என் மகள். "ஆள் கிடைச்சாங்களாம்மா?" என்றாள். "படிக்கிற வேலையப் பாரு" என்று வள்ளென்று விழுந்தேன். மத்தியானம் எல்லோரும் போனபிறகு சோற்று டப்பாவைத் திறந்து அப்படியே மூடினேன். நோட்டை மேசையில் பிரித்து வைத்துக்கொண்டு அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் செத்துப்போனால் நான் போட்ட கோடு சரியாகிவிடும். அந்த நினைப்பு வந்ததும் எழுந்து போய் முகத்தைக் கழுவினேன்.

நாலு மணிக்கு மேல் இருக்கும். வாசலில் நிழல் தெரிந்தது. அவள்தான். புடவையெல்லாம் கசங்கி, உதடு வெளுத்துப்போய், கையில் ஒரு துணிப்பை. கேட்டுக்கு வெளியே புருஷன் பைக்கின் மேல் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எதுவும் பண்ணலியே?" என்றேன்.

"இல்லக்கா. நேத்தே பார்த்துட்டாங்க. பொண்ணுன்னுட்டாங்க. இன்னிக்கிப் பண்ணிடலாம், கார் வரும், பஸ் ஸ்டாண்டுல நில்லுங்கன்னாங்க." பெஞ்சில் உட்கார்ந்தாள். "அவர் போன்ல ஸ்பீக்கர் போட்டாத்தான் கேக்கும். நீங்க பேசனது பூரா கேட்டேன். தர்மபுரி பஸ்ஸு நின்னுக்கிட்டிருந்துச்சு, ஏறிட்டேன். அவரும் பின்னாடியே ஏறிட்டாரு. மத்தியானந்தான் வூடு வந்து சேர்ந்தோம், சின்னதுக்குப் பால் குடுத்துட்டு அவர் பைக்குல இங்க வந்தோம்க்கா."

நான் அவள் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தேன், ரத்த அழுத்தம் பார்த்தேன், வயிற்றில் குழந்தையின் துடிப்பைக் கேட்டேன். ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை வந்து இரும்புச்சத்து டிரிப் ஏற்றிக்கொள்ள வேண்டும், நானே கூட்டிப் போகிறேன் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். அந்த ஸ்கேன் ஆட்கள் விஷயமாக அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் எழுத எனக்கு அனுமதி இல்லை.

எழுதுவதற்காக மேசைக்குத் திரும்பியபோதுதான் பார்த்தேன். நோட்டு பிரித்தபடியே கிடந்தது. அவள் அதைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"என் பேர எடுத்துட்டீங்களாக்கா?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. "அந்த பஸ் ஸ்டாண்டுல நிக்கறப்ப நெனச்சிக்கிட்டேன்க்கா. நர்சக்கா லிஸ்ட்ல நம்ம பேரு இருக்குது, கிளினிக்குக்கு வரலைன்னா எப்படியும் தேடுவாங்கன்னு."

என்னிடம் அழிக்கும் வெள்ளை மை இல்லை. கோடு போட்ட பெயருக்குக் கீழே அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி எழுதினேன். கையெழுத்து கோணல்மாணலாக வந்தது.

வீட்டுக்கு வந்தால் மகள் காலண்டர் தாளோடு வாசலிலேயே நின்றிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். என்னைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் அந்தத் தொடரை முழுக்கப் பார்த்து முடித்தோம். கடைசிக் கதவில் முன்னூற்றிச் சொச்சம் பேர் மிஞ்சினார்கள், கொண்டாட்டம் எல்லாம் நடந்தது. ஆனால் அன்றைக்குக் குறைந்த அந்த ஒரு ஆள் யார் என்று கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை. எல்லாரும் அழுது கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தபோது நான் டிவியைப் பார்த்து, "அவ எங்கடா?" என்று கத்தினேன். ஆணா பெண்ணா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. எனக்கு 'அவள்' என்றுதான் வந்தது.