பூட்டிய அறைக்குள் நின்றுபோன சர்வர்

அந்த வரைபட அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவளுக்கு 'உளவுத்துறை' என்று பட்டப்பெயர். அவள் பாஸ்வேர்டு அடிக்கும்போது பக்கத்தில் யாரும் மூச்சுவிடக் கூடாது. அலுவலகத்தை விட்டுக் கிளம்பினால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு இழுத்து இழுத்துப் பார்ப்பாள். "விடு, கதவு கையோட வந்துடப் போகுது" என்பார் கணவர்.

அங்கே இயந்திர பாகங்கள் வரையும் மென்பொருள், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும், வேலைக்கு நடுவிலும், லைசென்ஸ் சர்வர் என்ற நிரலிடம் அனுமதி கேட்கும். சர்வர் ஓடாவிட்டால் வரைவுப் பிரிவு முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பழைய விண்டோஸ் இயந்திரத்தில் சுவிட்சைத் தட்டினால் போதும், சர்வர் தானே எழுந்துகொள்ளும். அந்த இயந்திரம் மண்டையைப் போட்டதும், உள்ளறையில் இருந்த லினக்ஸ் இயந்திரத்துக்குச் சர்வரை மாற்றினாள். தன் மேசைக் கம்ப்யூட்டரிலிருந்தே நெட்வொர்க் வழியாக அதற்குள் நுழைந்து ஒரு வரிக் கட்டளை அடித்தாள். ஓடியது.

மறுநாள் காலை பார்த்தால் நின்றிருந்தது. மறுபடி ஓட்டிவிட்டாள், அடுத்த நாளும் அதே கதை.

வரைபவர்கள் கிளம்பிய பிறகுதான் அவள் கிளம்புவாள். அதற்கு மேலும் இருப்பவன் ஒருவன்தான்: கணக்குகளைச் சரிபார்க்கப் புதிதாகச் சேர்ந்த தாடிக்காரன். அவன் மேசை உள்ளறைக் கதவை ஒட்டியே இருந்தது. அவள் போகும்போது தலையைத் தூக்கிப் பார்ப்பான், சிரிக்க மாட்டான். அது போதாதா அவளுக்கு?

உள்ளறைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை வீட்டுக்கே கொண்டுபோனாள். காலையில் பூட்டு பூட்டியபடி இருந்தது, சர்வர் நின்றிருந்தது. கள்ளச்சாவி என்று முடிவு கட்டினாள்.

மேலாளரிடம் போனாள். "சார், அவர் இடத்தை மாத்துங்க."

"ஏம்மா, என்ன பண்ணார்?"

"அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

தாடிக்காரனைக் கழிவறைக்குப் பக்கத்து மூலைக்கு மாற்றினார்கள். ஏன் என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததும் அவள் கண்ணை உறுத்தியது.

ஒருநாள் மதியம், மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைத்தார்கள். வழக்கம்போல் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஓடினாள். வாசலைத் தாண்டியிருப்பாள், போன் அடித்தது. மேலாளர்.

"என்னம்மா, எல்லாருக்கும் படம் அப்படியே நின்னுடுச்சு!"

"சார், அந்தத் தாடி எங்க இருக்கார்னு பாருங்க."

"என் எதிர்லதான் உக்காந்திருக்கார். காலைலேருந்து என்கூடத்தான் இருக்கார்."

ஆட்டோவில் போகும்போது அவளுக்குப் பொறி தட்டியது. தான் கிளம்பினால்தான் சர்வர் நிற்கிறது. விண்டோஸில் அது இயந்திரத்தோடு சேர்ந்து ஓடியது. இங்கே அது, அவள் வரி அடித்த திரை திறந்திருக்கும் வரைதான் ஓடியது. தன் கம்ப்யூட்டரை அணைத்ததும் அதையும் கையோடு நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாள். முகம் சுட்டது.

மகளைக் கணவரிடம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். இயந்திரம் எழும்போதே சர்வரும் எழும்படி அமைத்தாள். இயந்திரத்தை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். தன் கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டு, வரைபவர்களின் பின்னால் நின்று பார்த்தாள். படங்கள் தடங்கல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

பிறகு மூலைக்குப் போனாள்.

"உங்க மேல சந்தேகப்பட்டுட்டேன். இடத்தை மாத்தச் சொன்னதும் நான்தான்."

"தெரியும்க்கா." தாடிக்காரன் பேனாவை மூடினான். "நானும் உங்க மேல சந்தேகப்பட்டேன். நீங்க இல்லன்னா ஆபீஸே ஓடாதுன்னு காட்ட, தினமும் நீங்களே நிறுத்திட்டுப் போறீங்கன்னு நெனச்சேன். அதான் போறப்பல்லாம் பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்த நொடி சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கே மேலாளரிடம் சொல்லி அவன் மேசையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். ஒரு பக்கத்தைத் தானே பிடித்துத் தூக்கினாள்.

அடுத்த வாரம், அவசரத்துக்கு இன்னொரு சர்வர் இருக்கட்டும் என்று முதலாளி தன் மேக் கம்ப்யூட்டரைக் கொடுத்தார். சர்வர் நிரலை அதில் திறந்ததுமே, இது எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, நம்பமாட்டேன் என்று அந்த இயந்திரம் முரண்டு பிடித்தது.

"பாத்தீங்களா தம்பி" என்றாள் தாடிக்காரனிடம், "இதுக்குத்தான் புத்தி இருக்கு."