ஆம்பளை தொடக்கூடாது என்றேன்

என் அக்கா செல்வி ரோட்டோரத்தில் மூச்சில்லாமல் கிடந்தபோது, நான் செய்த முதல் காரியம் அவளுடைய மாராப்பைச் சரிசெய்ததுதான். இதைச் சொல்ல எனக்கு நாக்கூசுகிறது.

போன ஆடி வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, அரியலூர் திரும்ப பஸ்ஸுக்கு நின்றோம். அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டாள். யாரோ 108க்குப் போன் செய்தார்கள். ஆண்கள் கூடினார்கள். நான் பையிலிருந்த மாற்றுப் புடவையைப் பிரித்து, பக்கத்திலிருந்த பெண்களைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னேன்.

“தாயே, ஒரு பொம்பளைய அனுப்பு!” என்று கோயில் பக்கம் திரும்பிக் கதறினேன்.

காரிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். தொப்பி போட்ட பாய், லப்பைக்குடிக்காட்டுக்காரர். “தங்கச்சி, நான் துபாய்ல சேஃப்டி வேலை பாத்தவன், முதலுதவி தெரியும். நெஞ்ச அமுக்கணும், வுடுங்க” என்றார்.

“ஆம்பள தொடக்கூடாது. தள்ளிப் போங்க பாய்!” என்று கத்தினேன்.

அவர் தன் மனைவியைக் கூப்பிட்டார். பர்தாவோடு அந்தப் பெண் புடவைக்குள் குனிந்து வந்து மண்டியிட்டாள். அவர் வெளியே முதுகைக் காட்டி நின்றுகொண்டு, “நடு நெஞ்சுல ரெண்டு கையும் வை. வேகமா அமுக்கு, நிறுத்தாத” என்று சொல்லிக்கொடுத்தார். என் தாய் ஒருத்தியை அனுப்பிவிட்டாள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது. வியர்வையோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“பர்தா போடுற நானே சொல்றேன் அக்கா. அவர வர வுடுங்க.”

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. புடவையை விலக்கிவிட்டேன். “வாங்க பாய்” என்றேன்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கையை எடுக்கவில்லை. அவர் அமுக்கியதால்தான் உயிர் தங்கியது என்று பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். காரில் பின்னாலேயே வந்திருந்த அவர்களுக்கு நன்றி சொல்லத் திரும்பினேன். அதற்குள் போய்விட்டிருந்தார்கள்.

அக்கா கண் விழித்ததும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. “மாராப்பு வெலகுனா இழுத்து வுட்டுக்கலாம்டி. நான் போயிருந்தா?” என்றாள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

இப்போது என் வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நான் எங்கே விழுந்தாலும், முதலுதவி தெரிந்தவர் யாராக இருந்தாலும் தொடட்டும்.

அம்மன் முதலில் அனுப்பியது அந்த பாயைத்தான். நான்தான் அவரை விரட்டினேன். அப்படியும் அவள் என்னைக் கைவிடவில்லை. நீங்களும் அவளை நம்பிக் கூப்பிடுங்கள், கட்டாயம் வருவாள். யாரை அனுப்ப வேண்டும் என்று மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.