ஜேசுதாசன் கையிலுள்ள தாள்

ஜேசுதாசன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைப்பார். வைத்த கை கீழே இறங்குமுன் திரும்ப எடுத்து விரிப்பார். வண்ணார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆபீஸ் படி ஏறும்வரை இதே வேலைதான். “எழுத்துல இருக்கது பொய் சொல்லாதுல்லா” என்பார், யாராவது கேட்டால்.

பிழைப்பு, மோட்டார் பம்ப் கம்பெனியில் விற்பனை. சேரன்மகாதேவியிலிருந்து அம்பாசமுத்திரம் வரை அவரைத் தெரியாத நாய் கிடையாது. வரப்பில் நின்றால் வாய் ஓயாது. மாதக் கூட்டத்தில் புரொஜெக்டர் திரைக்கு முன்னால் நிறுத்தினால் மட்டும் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தாளில் எழுதி வந்ததைத் தலை தூக்காமல், ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டைக் கோயிலில் வேதபாடம் வாசிக்கிற மாதிரியே வாசித்து முடிப்பார். காற்புள்ளி வந்தால் நிற்பார். ஓர் எழுத்து பிசகினாலும் குற்றம் என்று வளர்ந்த ஆள்.

போன மாதம் மேனேஜர் அம்மையப்பன் இடையிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். “தாளே பேசும்னா நீரு எதுக்கு வே? அடுத்த கூட்டத்துலயும் வாசிச்சீர்னா, அம்பை லைன செந்தூர்பாண்டிட்ட குடுத்துட்டு உம்மக் குடோன்ல உக்கார வச்சிருவேன்.”

பக்கத்து நாற்காலியில் இருந்த இளைய விற்பனையாள் செந்தூர்பாண்டி மெல்லச் சொன்னான்: “குடோன்ல ஃபேன் இருக்கு அண்ணாச்சி. தாளு பறந்துராமப் பாத்துக்கிடும்.”

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி இன்பமணிதான் வழி சொன்னாள். “ராத்திரி குடும்ப ஜெபத்துல கரண்டு பில்லுல இருந்து கர்த்தர் வரைக்கும் தாளில்லாமத்தான பேசுதிய? அதே மாதிரி பேசுங்க.” அடுக்களை வாசலில் நின்று அப்படியே பழகினார். தடையில்லாமல் வார்த்தை வந்தது. பேசியவர் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். கேட்டவளும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டாள். அதனால் இரண்டு பேருக்கும் குறை ஒன்றும் தெரியவில்லை.

கூட்டத்தில் எழுந்தார். கையைக் கோத்தார். கண்ணை மூடினார். பிசான நெல் பருவத்தில் கால்வாய் நிறையத் தண்ணீர் கிடந்தது, மோட்டார் கேட்பார் இல்லை, கோடைக்கு முன்னால் கிணற்றுக்காரர்களைப் பிடிக்க வேண்டும் என்று கடகடவென்று ஓடியது. கணக்கு எழுதும் ஸ்டெபி பழக்கதோஷத்தில் தலை குனிந்துவிட்டாள்.

“ஆமென் எப்பம் வரும் அண்ணாச்சி?” என்றான் செந்தூர்பாண்டி. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அம்மையப்பன் சிரிக்கவில்லை. “கண்ணத் திறந்துட்டுச் சொல்லும் வே.”

திறந்தார். அத்தனை முகமும் அவரையே பார்த்தன. அடுத்த வார்த்தை எங்கே போனதென்று தெரியவில்லை. கை தானாகச் சட்டைப் பைக்குள் போயிற்று. தாள் வெளியே வந்தது. செந்தூர்பாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தான். அம்மையப்பன் பேனாவை மூடிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

புருவத்திலிருந்து வேர்வை இறங்கிக் கண்ணுக்குள் கரித்தது. மடித்த தாளை விரிக்காமல் அப்படியே நெற்றியில் ஒற்றினார், பிறகு கழுத்தில். நெற்றியில் நீல மை இழுபட்டது. மேனேஜரின் சட்டைப் பொத்தான் ஒன்றைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, “வீரவநல்லூர்ல மட்டும்...” என்று விட்ட இடத்தில் தொடங்கினார். ஈரத் தாளைக் கைக்குள் கசக்கியபடியே, பார்வையைப் பொத்தானிலிருந்து பைய மேலே ஏற்றினார்.