தம்பிராஜாவின் வால்வு வைத்தியம்

“மேல அடைச்சா கீழ நின்னுதான் ஆகணும். குழாயா இருந்தா என்ன, குழந்தையா இருந்தா என்ன? இந்த காஜா பெராங்குல எந்தப் பிள்ளைக்கு வயித்தால போனாலும் எங்கிட்ட கொண்டாங்க. நிறுத்திக் காட்டுறேன்.”

மலாயாவுக்கு மெர்டேக்கா என்கிற சுதந்திரம் கிடைத்த மறு வருடம் கோப்பிக்கடையில் தம்பிராஜா வெளியிட்ட பிரகடனம் இது. அந்தச் சமயத்தில் நாட்டில் எல்லாரும் ஏதாவது பிரகடனம் செய்துகொண்டிருந்ததால் இதையும் மரியாதையாகவே கேட்டார்கள்.

அவர் நகரத் தண்ணீர் இலாகாவில் வால்வு திருப்புகிறவர். குழாய் உடைந்தால் நீண்ட இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார்; மேட்டுப்பக்கத்து வால்வைப் பூட்டுவார்; ஒழுகல் நின்றுவிடும். இதற்கும் வைத்திய சாஸ்திரத்துக்கும் அதிக தூரமில்லை என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பிள்ளைக்குப் பேதியா? பாலை நிறுத்து, தண்ணீரை நிறுத்து, நாக்கில் வசம்பு தடவு. காஜா பெராங் கம்பத்துக் குடியிருப்பில் பல பிள்ளைகளுக்கு நின்றது. தானாக நிற்கிற பேதி தானாகவே நின்றது என்று எடுத்துச் சொல்ல ஆளில்லாததால் பெயர் தம்பிராஜாவுக்குப் போயிற்று. நிற்காத பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினார்கள். பெற்றவள் திருட்டுத்தனமாகத் தண்ணீர் கொடுத்திருப்பாள் என்பது அவர் தீர்ப்பு.

பிறகு அவருடைய மகள் கோகிலாவுக்கே வந்தது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. இன்னும் பால் மறக்கவில்லை. முதலில் வாந்தி, பிறகு பேதி. தம்பிராஜா விதிப்படி எல்லாவற்றையும் பூட்டிவிட்டு வேலைக்குப் போனார். ஊருக்கே வைத்தியம் பார்க்கிறவரின் மனைவி சந்தேகப்படுவது முறையல்ல என்பதால் சிவகாமசுந்தரியும் பிள்ளையை மாரிலிருந்து விலக்கி வைத்தாள். மறுநாள் மத்தியானம் கோகிலா தண்ணீர் கேட்பதையும் அழுவதையும் விட்டுவிட்டாள்.

“பாத்தியா, அடங்கிருச்சு” என்றார் தம்பிராஜா.

சிவகாமசுந்தரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் போன பெச்சா ரிக்‌ஷாவை நிறுத்தி ஏறினாள். அவர் சைக்கிளில் பின்னாலேயே போனார்.

கிளினிக்கில் நர்ஸ் ரஹீமா மிஸி பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டாள். தோல் நீர் வற்றி மடிந்தபடியே நின்றது. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டாள். சிவகாமசுந்தரி புருஷனைப் பார்த்தாள். அவர் தமது தத்துவத்தை ஆதியிலிருந்து விளக்கினார். மிஸி குறுக்கிடாமல் கேட்டாள்.

“அண்ணே, குழாய்க்குத் தண்ணி எங்கேருந்து வருது?”

“தொட்டியிலேருந்து.”

“இந்தப் பிள்ளைதான் தொட்டி. ஓட்டை கீழ இருக்கு. நீங்க தொட்டிக்கு வர்ற தண்ணியப் பூட்டியிருக்கீங்க.”

பேதியை நிறுத்தத் தன்னிடமும் மருந்து இல்லை என்றாள் மிஸி. அது ஓய்கிறபோது ஓயும். அதுவரை வெளியே போவதை உள்ளே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்: உப்பும் கொஞ்சம் சீனியும் கலந்த கஞ்சித் தண்ணீர், கரண்டி கரண்டியாக; கக்கினால் சற்றுப் பொறுத்து மறுபடியும்; நடுவில் தாய்ப்பால். விழுங்கவே முடியாவிட்டால் உடனே பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பில் உப்புநீர் ஏற்ற வேண்டும்.

“ஊத்துனா இன்னும் போகுமே, மிஸி.”

“போகட்டும். நீங்க ஊத்துங்க.”

கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மிஸி கொடுத்த கஞ்சிக் கிண்ணத்தைச் சிவகாமசுந்தரி பிடித்துக்கொள்ள, பிள்ளையைத் தம்பிராஜா மடியில் வாங்கிக்கொண்டார். முதல் கரண்டி கடைவாயில் வழிந்தது. அடுத்ததும் வழிந்தது. அவர் முகத்தில் ஒன்றுமில்லை. பயம்கூட இன்னும் வந்து சேரவில்லை. அதற்கடுத்த கரண்டிக்குப் பிள்ளையின் தொண்டை ஏறி இறங்கியது. மிஸி அதைப் பார்த்துவிட்டு, நிறுத்தாதீர்கள் என்று சொல்லி அடுத்த பிள்ளையிடம் போனாள்.

தம்பிராஜா நிறுத்தவில்லை. கிண்ணம் ஒரு முறை காலியாகி மறுபடி நிறைந்தது.

தன் பிள்ளைக்கு அம்மை குத்த வந்திருந்த மருதமுத்து, கோப்பிக்கடைச் சகா, பெஞ்சருகே வந்து நின்றார்.

“என்ன டாக்டரே, நின்னுச்சா?”

“இல்ல” என்றார் தம்பிராஜா, தலை நிமிராமல்.

அப்போதுதான் பிள்ளைக்கு மறுபடி போயிற்று; மடி சூடாக நனைந்தது. இலாகா கொடுத்த காக்கிக் காற்சட்டையில் இறங்கித் தரையில் சொட்டியது. கூடமே பார்த்தது. மருதமுத்து துணி எடுக்கப் போனார். தம்பிராஜா எழுந்திருக்கவில்லை. கரண்டியை மறுபடி கிண்ணத்தில் விட்டு மொண்டு நீட்டினார். கோகிலா வாயைத் திறந்தாள்.