அலோசியஸ் குறைத்த மூன்று வயது

பேசாலை அலோசியஸுக்குப் பொய் சொல்ல வராது என்று பலெர்மோவின் பல்லரோச் சந்தையில் மீன் விற்கிறவன்கூடச் சொல்வான். மீன் பழசு என்றால் அவன் முகத்துக்கு நேரே பழசு என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போகிற ஆள். அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரேயொரு பெரிய பொய்தான் சொன்னார். அதையும் வாயால் சொல்லாமல், முத்திரை குத்தி, கையெழுத்து வைத்து, இத்தாலி அரசாங்கத்துக்கே சொன்னார்.

தொண்ணூறில் இத்தாலியில் பேப்பர் இல்லாத எல்லோருக்கும் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி கொடுத்தபோது அவருக்கும் கிடைத்தது. சினியோரா என்று அவர் கூப்பிடுகிற முதியவள் ஒருத்தியின் வீட்டில் சமையல், துப்புரவு, கடைகண்ணி எல்லாம் அவர்தான். குடும்பத்தைக் கூப்பிடக் காலம் கனிந்தபோது சட்டம் குறுக்கே நின்றது. பதினெட்டுக்கு உட்பட்ட பிள்ளைகளைத்தான் கூப்பிடலாம். மூத்தவள் கிளறாவுக்கு அப்போது இருபது நடந்துகொண்டிருந்தது. மனைவி எமிலியானாவும் இளையவளும் வரலாம். மூத்தவளை மன்னாரில், அந்தச் சண்டைக்குள், தனியே விட்டுவிடவேண்டும். எந்தத் தகப்பனால் முடியும்?

கொழும்பில் ஓர் ஏஜென்சிக்காரன் பிறப்புப் பத்திரத்தில் மூன்று வருடத்தைத் தூக்கிக் கொடுத்தான். நாளையும் மாதத்தையும் தொடவேண்டாம் என்று எமிலியானா அழுதாள். புனித கிளறாவின் திருநாளில் பிறந்ததால் வைத்த பெயரல்லவா. எழுபத்தைந்தில் பிறந்தவள் எழுபத்தெட்டில் பிறந்தவளாக விமானம் ஏறி வந்து இறங்கினாள். அலோசியஸ் மகளைக் கட்டிப்பிடித்துக் குலுங்கினார். தான் செய்ததிலேயே நல்ல காரியம் இதுதான் என்று அன்றைக்கு அவருக்குப் பட்டது.

வந்த பிள்ளை சும்மா இருக்கவில்லை. காலையில் கூலிக்கு வீடு துடைத்தாள், பின்னேரம் பிரெஞ்சு படிக்கப் போனாள். எமிலியானாவின் தங்கை மாக்கிரட் பிரான்சில், லியோனில் இருந்தாள். "பிள்ளையை இஞ்சை படிக்க அனுப்புங்கோ, நான் பாக்கிறன்" என்று ஞாயிறுதோறும் தொலைபேசியில் நச்சரித்தாள். கிளறா விண்ணப்பித்தாள், மொழிப் பரீட்சையில் தேறினாள். தொண்ணூற்றேழு யூனில் அங்கே ஒரு பல்கலைக்கழகம் உயிரியல் படிக்க இடம் தந்தது. அலோசியஸ் அதைக் கோயிலில் சொன்னார், சந்தையில் சொன்னார், கேட்காதவர்களையும் மறித்து வைத்துச் சொன்னார்.

பதிவு செய்வது மட்டும் பாக்கி. அதற்குப் பிறப்புப் பத்திரத்தையும் பள்ளிக்கூடச் சான்றிதழையும் பிரெஞ்சில் மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி, யூலை முடிவதற்குள் அனுப்பவேண்டும். அந்த வேலை செய்கிற அம்மா ஒருவர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தார். அவர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார். கிளறாவைப் பார்த்தார், அலோசியஸைப் பார்த்தார்.

"உங்களுக்கு இரண்டு மகள்களா?" என்று இத்தாலிய மொழியில் கேட்டார்.

"ஓம்" என்றார் அலோசியஸ், பதற்றத்தில் தமிழிலேயே.

ஏஜென்சிக்காரன் கை வைக்காத ஒரே தாள் பள்ளிக்கூடத்துத் தாள். விண்ணப்பத்தோடு அனுப்பிய பரீட்சைப் பெறுபேற்றில் பிறந்த திகதி இல்லாததால் இவ்வளவு நாளும் யாருக்கும் தெரியவில்லை. சான்றிதழில் இருந்தது. கன்னியாஸ்திரிகள் எழுபத்தைந்து என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். "தாளில் இருப்பதைத்தான் நான் எழுதலாம்" என்றார் அந்த அம்மா, பாவம் பார்த்த குரலில். "ஆனால் அங்கே இதை ஒரே ஆள் என்று எடுக்கமாட்டார்கள். எது பிழையோ அதைத் திருத்திக்கொண்டு வாருங்கள்."

வெயிலில் நடந்து வரும்போது அலோசியஸ்தான் முதலில் வாய் திறந்தார்.

"ரோமுக்குப் போய் எம்பசியிலை பாஸ்போட்டைத் திருத்துவம், பிள்ளை."

"திருத்தினால் குவெஸ்தூராவிலை பொலிஸ் கேக்காதே, அப்பா? பதினெட்டுத் தாண்டினவளை எப்பிடிக் கூப்பிட்டனீர் எண்டு? என்னை மட்டுமே அனுப்புவினம்? அம்மா, தங்கச்சி, நீங்கள், எல்லாருந்தான் மூட்டை கட்டவேணும்."

"அப்ப பள்ளிக்கூடத் தாளை மாத்துவம். செய்யிற ஆக்கள் இருக்கினம்."

கிளறா நடுத்தெருவில் நின்று சிரித்தாள். "நான் சோதினை எழுதின வருசமும் அதிலை கிடக்கு. அந்தக் கணக்கிலை பதின்மூண்டு வயசிலை ஓ.எல்., பதினாறு வயசிலை ஏ.எல். எந்த மடையன் நம்புவான்?" சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "பொய்யில்லாமல் என்னட்டை இருக்கிறது அந்த ஒரு தாள்தான், அப்பா. அதிலையும் கை வைக்காதையுங்கோ."

யூலை முழுவதும் அலோசியஸ் அந்தரப்பட்டு அலைந்தார். சுவாமியார் செபிப்போம் என்றார். தொழிற்சங்கத்து வக்கீல் கதவைச் சாத்திவிட்டு, இதை இனி யாரிடமும் கதைக்கவேண்டாம் என்றார். ஊர்க்காரன் யாக்கோபு, பொம்பிளைப் பிள்ளைக்குக் கலியாணத்தைக் கட்டி வையுங்கோ என்று புத்தி சொன்னான். எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு வந்த அலோசியஸுக்குத் தன் கையையே வெட்டிப் போடலாம் போலிருந்தது. ஆனால் அந்தக் கையெழுத்தை வைக்காமல் இருந்திருந்தால் பிள்ளை இன்றைக்கு உயிரோடு இருக்குமா என்பதும் தெரியாது. இரண்டு பக்கமும் யோசித்து யோசித்து மனிதன் சோறு இறங்காமல் மெலிந்தார். யூலை முடிந்தது. மாக்கிரட் தொலைபேசியில் அழுதாள். கிளறா அழவில்லை, மறுநாள் வழமைபோல வீடு துடைக்கப் போனாள்.

ஓகஸ்டில் புனித கிளறா திருநாள் வந்தது. சினியோராவுக்கு எதுவும் தெரியாது. பெயருக்கும் பிறப்புக்கும் ஒரே நாள் என்பதில் அவளுக்குத்தான் எல்லோரையும் விடச் சந்தோஷம். கேக் வாங்குவித்துக் குடும்பத்தையே அழைத்திருந்தாள். அவளுக்குக் கை நடுங்கும். ஆகவே மெழுகுதிரி குத்துகிற வேலையும் அலோசியஸ் தலையில் விழுந்தது.

பத்தொன்பது குத்தி முடித்தார். கை தன்பாட்டில் பெட்டிக்குள் போய் இன்னும் மூன்றை எடுத்தது.

"காணும், அப்பா" என்றாள் கிளறா மெதுவாக.

சினியோரா அவள் கன்னத்தைக் கிள்ளினாள். "பத்தொன்பது! இந்த வருடம் பிரான்ஸ் இல்லாவிட்டால் என்ன? இங்கே பள்ளிக்கூடத்தில் முதலிலிருந்து படி. உனக்கு எவ்வளவு காலம் கிடக்கிறது!"

கிளறா தலையாட்டினாள். அலோசியஸ் வாயைத் திறந்தார். எமிலியானா அவருடைய கையைப் பிடித்து அழுத்தினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

கிளறா ஒரே மூச்சில் ஊதி அணைத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். அலோசியஸும் தட்டப் பார்த்தார். மூன்று மெழுகுதிரியும் இன்னும் கைக்குள் இருந்தன.