ரோஸி கேட்காத கடைசிக் கொஞ்சம்

என் மனைவி ரோஸிக்கு உயிரான பாட்டு ஒன்று உண்டு. கல்யாணமான புதிதிலிருந்து அதைக் கேட்கிறாள். ஆனால் அது எப்படி முடிகிறது என்று வெகுகாலம் அவளுக்குத் தெரியாது. முடியப்போகிற நேரம் பார்த்துக் கேசட் தீர்ந்துபோய், டேப்ரிக்கார்டர் ‘டக்’கென்று நின்றுவிடும்.

எல்லாம் சுலைமான் பாய் புண்ணியம். ஆவடி மார்க்கெட்டில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவர். வெறும் கேசட்டைக் கொடுத்தால் கேட்ட பாட்டைப் பதிந்து தருவார். ரோஸி அவரிடம் மாதா பாட்டு பதியக் கொடுத்திருந்தாள். வாங்கி வந்து போட்டதும் தூறல் போடுகிற மாதிரி மெதுவாக ஒரு கிடார் வந்தது. மாதா பாட்டு ஆரம்பிக்கிறதாக்கும் என்று இவள் முக்காடு போட்டுக்கொண்டு பயபக்தியோடு உட்கார்ந்தாள். அடுத்த நிமிஷம் டிரம்ஸ் இடி இடிக்க, ஒருத்தன் தொண்டை கிழிய உறுமினான். நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். அந்தத் தழும்பு இன்னும் என் தாடையில் இருக்கிறது.

கேசட் மாறிப்போயிருந்தது. யாரோ காலேஜ் பையன் நகல் எடுக்கக் கொடுத்துவிட்டு, ஒரிஜினலை மட்டும் வாங்கிக்கொண்டு ஊரைப் பார்க்கப் போய்விட்டானாம். திருப்பிக் கொடுக்கப் போன ரோஸி, மாதா பாட்டோடு அதையும் கையோடு கொண்டுவந்துவிட்டாள். பெங்களூர்ப் பிள்ளைகள் சேர்ந்து நடத்திய குழு. பெயர் ‘ரஸ்ட் கதீட்ரல்’. துருப்பிடித்த கோயில் என்று சுலைமான் பாய் அர்த்தம் சொன்னார். அவர்களே கைக்காசு போட்டுக் கொஞ்சம் கேசட் வெளியிட்டார்கள், அதோடு சரி. வேறு பிரதி கிடைக்குமா என்று பர்மா பஜார் வரைக்கும் தேடிவிட்டு பாய் கையை விரித்துவிட்டார். நகல் எடுத்த கேசட் சின்னது. அதனால் ஒரு பக்கம் முழுக்க ஓடுகிற அந்த நீளப் பாட்டின் கடைசிக் கொஞ்சம் அதில் அடங்கவில்லை.

ரோஸிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் காலர் தைக்கிற வேலை. எனக்கு ஆவடி டாங்கி ஃபாக்டரியில் வெல்டிங். வெள்ளானூரில் ஷீட் போட்ட வீடு. சாயந்திரம் அவள் கேசட்டைப் போட்டால் ஷீட்டும் சேர்ந்து அதிரும்.

“ஏம்மே, காலைலேர்ந்து நானு இரும்போட மல்லுக்கட்டிகினு வரேன். ஊட்லயும் எவனோ இரும்பத் தட்டிகினு கீறானே!” என்று கத்துவேன்.

“சும்மா இருயா. இப்ப கோவத்துல கீறான். கொஞ்ச நேரம் இரு, அழுவான் பாரு” என்பாள் அவள்.

சொன்னபடியே வயலின் வந்து அழும். அது ஓய்ந்ததும் சின்னப் பிள்ளை குதிக்கிற மாதிரி ஒரு தாளம் வரும். அப்புறம் யாரோ காதில் ரகசியம் பேசுவார்கள், மறுபடியும் இடி விழும். ஒரே பாட்டுக்குள் இத்தனை குணமா என்று எனக்கு எரிச்சலாக வரும். அவளுக்கு அதுதான் பிடிக்கும். “மனுஷன் ஒரு நாள்ல ஒரே மாதிரியா கீறான்? பாட்டு மட்டும் ஏன் ஒரே மாதிரி இர்க்கணும்?” என்று கேட்பாள். நான் வாசலுக்குப் போய் பீடி பற்றவைப்பேன்.

கடைசியில் எல்லாச் சத்தமும் அடங்கி, ஒரே ஒரு கிடார் மட்டும் எதையோ கேட்பது போல எழும்பும். அங்கேதான் டக். ரோஸி அந்த டக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். “செத்துட்டானா, பொழச்சிட்டானா, ஒண்ணும் தெரியலியேயா” என்பாள். பாவமாகத்தான் இருக்கும். ஆனால் சிரித்துவிடுவேன்.

தொண்ணூற்றேழு தை மாதம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. சாதாரணமாக வந்தால் கீழாநெல்லியோடு போயிருக்கும். எனக்கு முற்றிப்போய், ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தேன். ரோஸி நேராகக் கோயிலுக்குப் போய் மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். நான் எழுந்து நடந்துவிட்டால், வருகிற தவக்காலம் முழுக்க, ஈஸ்டர் வரைக்கும், அவள் பாட்டே கேட்பதில்லை. எங்கள் சனங்கள் தவக்காலத்தில் கறி விடுவார்கள், பூ வைப்பதை விடுவார்கள், சினிமாவை விடுவார்கள். இவள் விட்டது இதை. நான் எழுந்து நடந்தேன். தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வந்து டேப்ரிக்கார்டருக்குத் துணி போட்டு மூடினாள்.

அடுத்த வாரமே வந்தது சோதனை. வேலைவிட்டு வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“எஸ்டேட் செவுத்துல போஸ்டர் பாத்தேன்யா. வேலப்பன்சாவடி காலேஜ் விழாவுக்கு நம்ம பாட்டுக்காரங்க வராங்க. வர்ற சனிக்கெயம, பகல்ல.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அப்புறம் இன்னா? போய்க் கேட்டுட்டு வா. ஒரு நாள்தானே, ஃபாதரக் கேட்டா சரின்னுடுவாரு.”

“ஃபாதருக்கா நேர்ந்துகினேன்?” என்று பாய்ந்தாள். “உன்னிய வச்சு நேர்ந்துகினேன்யா. நான் போய்க் கேட்டு, நாளைக்கி உனுக்கு எதுனா ஆச்சின்னா?”

சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு மாதாமேல் கூடக் கோபம் வந்தது. எத்தனை வருஷத்து ஏக்கம். அது வீட்டுப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது, என் ஒருத்தன் உயிருக்காக இவள் அதை விடுகிறாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளே ஒரு வழி சொன்னாள்.

“நீ போயா. டேப்ப எட்துகினு போய்ப் பதிஞ்சி வா. ஈஸ்டருக்குக் கேட்டுக்கறேன்.”

சனிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையும் கையில் டேப்ரிக்கார்டருமாகப் போய் இறங்கினேன். கேட்டிலேயே பையன்கள் மறித்துவிட்டார்கள். “அண்ணா, உள்ள ரெக்கார்டிங் அலவுட் இல்லண்ணா.” கெஞ்சினேன், சண்டையும் போட்டேன். டேப்பை வாட்ச்மேன் அறையில் வாங்கி வைத்துக்கொண்டு என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். இப்போது என் காது ஒன்றுதான் மிச்சம். கோயில் பாட்டுக் குழுவிலிருந்து சின்ன வயசிலேயே துரத்தப்பட்ட காது அது.

மேடையில் நாலு பையன்கள், வயலினோடு ஒரு பெண். முதல் அடி விழுந்ததும் நெஞ்செலும்பு அதிர்ந்தது. வீட்டு டேப்பில் கேட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை! கோபம் என்றால் நிஜமான கோபம், அழுகை என்றால் நிஜமான அழுகை. நாலைந்து பாட்டுக்குப் பிறகு அந்தத் தூறல் கிடார் வந்தது. “வந்துட்சிடா!” என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். பக்கத்துப் பையன்கள் “சூப்பர் அங்கிள்!” என்று என் தோளில் கைபோட்டுக் குதித்தார்கள். நானும் குதித்தேன். காமாலையில் கிடந்து எழுந்த உடம்பு என்று நினைப்பே இல்லை. எந்த இடத்தில் இடி, எந்த இடத்தில் ரகசியம் என்று எல்லாம் எனக்கு மனப்பாடமாக இருந்தது. இத்தனை வருஷமும் நான் வாசலில் உட்கார்ந்து இதைத்தான் கேட்டிருக்கிறேன்!

சத்தமெல்லாம் அடங்கி ஒற்றைக் கிடார் எழும்பியது. டக் வரவில்லை. பாட்டு மேலே போனது. அந்தக் கிடார் கேட்டதற்கு வயலின் பதில் சொன்னது. அப்புறம் ஐந்து பேரும் வார்த்தையே இல்லாமல் ‘ஆ’ என்று சேர்ந்து பாடினார்கள். மூன்று முறை மேலே ஏறி, நாலாவது முறை மெதுவாக இறங்கியது. அழுது ஓய்ந்த பிள்ளை மடியிலேயே தூங்கிப்போவது போல அது முடிந்தது. அவன் பிழைத்துவிட்டான். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

பஸ்ஸில் கண்டக்டர் கேட்டதற்குக் கூட வாய் திறக்காமல், அந்த ‘ஆ’வை உள்ளுக்குள் பாடிக்கொண்டே வந்தேன். ரோஸி வாசலிலேயே நின்றாள்.

“பதிஞ்சியா?”

“பதிய உட்லம்மே. ஆனா தலைல வச்சினு வந்துகீறேன்.”

“சொல்லிடாத!” என்று காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அன்றிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் நான் பட்ட பாடு இருக்கிறதே! பாடாமல் இருந்தால் மறந்துவிடும், வீட்டில் பாடினால் பாவம். ஃபாக்டரியில்தான் பாட முடியும். வெல்டிங் முகமூடிக்குள் பாடினேன். பக்கத்தில் வேலை பார்த்த வேம்புலி எட்டிப் பார்த்தான்.

“இன்னா மாமே, உள்ள கொசு மாதிரி முனகிகினு கீற?”

விஷயத்தைச் சொன்னேன். “அவ்ளோதானே, எங்கிட்டயும் குடு. ஒர்த்தன் மறந்தா இன்னொர்த்தன் சொல்லலாம்” என்று வாங்கிக்கொண்டான். அங்கேதான் வினை. வேம்புலி கானா பாடுகிறவன். நாலு நாளில் அந்த ‘ஆ’வுக்கு இடுப்பாட்டம் வந்துவிட்டது. அவன் விசிலடிக்க, எங்கள் ஷெட்டே விசிலடித்தது. ஈஸ்டருக்கு முந்தின வாரம் குருத்தோலை ஞாயிறு வந்தபோது எது மேடையில் கேட்டது, எது வேம்புலி சேர்த்தது என்று எனக்குக் குழம்பிவிட்டது. மூன்று முறை ஏறுமா, இரண்டு முறையா? அவள் என்னை நம்பி உட்கார்ந்திருக்கிறாள். நான் தப்பாகச் சொன்னால் ஆயுசுக்கும் அதுதான் அவளுக்கு முடிவு.

ஈஸ்டரன்று காலையில் பூசை முடிந்து வந்ததும், புதுப் புடவையோடு தரையில் உட்கார்ந்து டேப் மேல் போட்டிருந்த துணியை எடுத்தாள். கேசட்டைப் போட்டாள். தூறல், இடி, அழுகை எல்லாம் வந்தது. ஒற்றைக் கிடார் எழும்பியது, டக்.

ரோஸி என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். குரல் உடைந்தது, சுருதி எங்கேயோ போனது, இரண்டாவது ஏற்றத்தில் வேம்புலியின் ஆட்டம் வந்து புகுந்துகொண்டது. எப்படியோ இறங்கி முடித்தேன். எனக்கே அவமானமாக இருந்தது. கண்ணைத் திறந்தால் அவள் சிரிக்கவில்லை.

“இன்னொரு தபா” என்றாள்.

பாடினேன். இந்த முறை அவளும் சேர்ந்துகொண்டாள். வேம்புலி புகுந்த இடத்தில் அவள் என்னோடு வரவில்லை. நேராக மேலே ஏறினாள், இன்னொரு முறை ஏறினாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் தனியாக ஏறி, தனியாகவே மெதுவாக இறங்கி முடித்தாள்.

“இப்டித்தானே?” என்று கேட்டாள்.

அவள் பாடக் கேட்டதும் மேடையில் கேட்டது எனக்குத் தெளிந்துவிட்டது. அச்சு அசல் அப்படித்தான். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆமாம்மே, பொழச்சிட்டான்” என்றேன்.