வேதபாட வகுப்பும் ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட்டும்

சம்பளம் இல்லாத வேலைக்குத்தான் மேலதிகாரிகள் அதிகம். பங்குத்தந்தை, சிஸ்டர்மார், கமிட்டிக்காரர்கள், பெற்றோர், இவர்கள் எல்லாருக்கும் மேலே பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, பசியும் தூக்கமுமாக வருகிற பதினேழு வயதுக்காரர்களை ஓர் அறைக்குள் உட்காரவைத்து மறைக்கல்வி நடத்துகிற என் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்துச் சிரித்துவிட்டுப் போகலாம்.

வாரம் முழுக்க நான் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் பில் போடுகிறவள். ஞாயிறு மட்டும் ஸ்டெல்லா டீச்சர். எங்கள் பங்கில் மலையாளப் பூசை முடிந்ததும் தமிழ்ப் பூசை, அது முடிந்ததும் என் பிளஸ் டூ வகுப்பு. வாசல் பலகையில் ‘மறைக்கல்வி’ என்று எழுதியிருக்கும். பிள்ளைகள் வாயில் அது எப்போதும் வேதபாடம்தான்.

எழுதிக் கொடுக்கும் கை

என் வகுப்பில் நான் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லுகிற ஒரே ஆள் ஜெனிஷா. அவளும் இல்லாவிட்டால் நான் சுவரோடுதான் பேச வேண்டும். அவள் அம்மா ரோஸ்லின், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு ஞாயிறு கோயில் முற்றத்தில் என்னை மடக்கிப் பிடித்தார். மகளை டாக்டராக்குகிற கோச்சிங்கில் இனி ஒன்றுவிட்ட ஞாயிறு காலையில் டெஸ்ட்டாம், அதுவும் என் வகுப்பு நேரத்திலேயே. டெஸ்ட் இல்லாத ஞாயிறாவது அனுப்புங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். அரை மனதோடு சம்மதித்தார், கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்.

“டாக்டரு எழுதிக் குடுக்குததப் பாத்து ஊசி போடுத கை எனக்க கை. அவளுக்க கை எழுதிக் குடுக்குத கையா வரணும். ஒரு டெஸ்ட்டு முடங்கிச்சுன்னா அதோட வேதபாடத்த நிறுத்தியாச்சு, கேட்டியளா டீச்சரே?”

அப்பா உறங்காத பூசை

ஆல்பின் எங்கள் வகுப்பின் வாயாடி. தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிக்க அவனை நிறுத்தினால் வம்பு என்று எல்லாரும் எச்சரித்தார்கள். கணீரென்று, ஓர் இடத்தில்கூடத் தடுமாறாமல் வாசித்துவிட்டு இறங்கினான். பெருமையோடு அவன் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். அத்தனையும் மலையாள எழுத்து. வீட்டில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடத்தில் எல்லாமே மலையாளம் என்று வளர்ந்தவனுக்குத் தமிழ் எழுத்து ஓடாது. அம்மா சொல்லச் சொல்ல மலையாளத்தில் எழுதியிருக்கிறான்.

இவ்வளவு பாடுபட்டதற்குப் பேசாமல் மலையாளப் பூசையில் வாசித்திருக்கலாமே என்று கேட்டேன். அவன் அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து லோடிங் வேலைக்கு வந்தவர். ஆல்பின் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்:

“மலையாளப் பூசையில அப்பா உறங்கும் டீச்சர். நான் தமிழ்ல வாசிச்சா உறங்காது, அல்லே?”

சாறு விட்ட பொரோட்டா

தவக்காலம் முடியும்வரை இறைச்சி, மீன் கிடையாது என்று வகுப்பே கூடி முடிவெடுத்தது. நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எடுத்திருக்க மாட்டார்கள். அந்த வாரமே பொரோட்டாக் கடை ஒன்றில் ஆல்பினைப் பார்த்தேன். தட்டு நிறைய மாட்டுக்கறிக் குழம்பு. துண்டு ஒன்றும் தொடவில்லை, சாறு மட்டும்தான் விட்டேன் என்று சத்தியம் செய்தான்.

மறு ஞாயிறு முழு வகுப்பும் இந்த வழக்கிலேயே போயிற்று. சாறு குற்றமா, துண்டு மட்டும் குற்றமா? நான் ஆயத்தம் செய்து வந்த பாடம் பையிலேயே கிடந்தது. கடைசியில் ஜெனிஷா, நாம் தின்னாமல் இருந்தால் அது வெறும் டயட்டு, நம் சாப்பாடு இன்னொருத்தருக்குப் போனால்தான் நோம்பு என்று தீர்ப்புச் சொன்னாள். கோயிலுக்குப் பின்னால் வாடகை அறையில் தனியாக இருந்த தாசன் அண்ணாச்சிக்கு ஞாயிறுதோறும் மத்தியானச் சோறு கொண்டுபோவது என்று முடிவானது. ஆல்பின் பெருமூச்சு விட்டான்.

“அப்போ சாறையும் அவருக்கே குடுத்துருவோம். போதுமா?”

நோம்பு யாருக்கு?

தாசன் அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். கடைகளில் மூட்டை சுமந்தவர், உறவென்று யாரும் கிடையாது. காலில் ஆறாத புண், நடமாட்டம் குறைவு. பிள்ளைகள் முதல் ஞாயிறு தூக்குச்சட்டியில் சாம்பாரும் அவியலும் பயறுத் தோரனும் கொண்டுபோனார்கள். ஜெனிஷா அம்மாவிடமிருந்து பஞ்சும் மருந்தும் கேட்டு வாங்கி வந்து, மூக்கைப் பொத்தாமல் புண்ணைக் கட்டிவிட்டாள். என்னால் அது ஆகாது. நான் வாசலில் நின்று ஜெபம் சொன்னேன்.

அண்ணாச்சி ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து பார்த்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நாங்கள் பணிவாக நின்றோம்.

“நோம்பு உங்களுக்குத்தானே பிள்ளைகளா, எனக்கு எதுக்கு? அடுத்த ஞாயிறு மீன் கொண்டு வாங்க.”

சொந்தக்காரர்கள் முதலில்

தவக்காலம் முடியுமுன் ஒரு சனிக்கிழமை அண்ணாச்சி இறந்துபோனார். மறுநாள் தமிழ்ப் பூசை முடிந்ததும் அடக்கம் என்றார் ஃபாதர். அதே ஞாயிறு, அதே நேரம் ஜெனிஷாவுக்கு டெஸ்ட். நானே போன் செய்து, “நீ டெஸ்ட்டுக்குப் போ மோளே, நாங்க பாத்துக்கிடுதோம்” என்றேன். சரி என்றுதான் சொன்னாள்.

கல்லறைத் தோட்டத்தில் பார்த்தால் கோச்சிங் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக நிற்கிறாள். பெட்டியை ஆல்பினும் மற்றப் பையன்களும் தூக்கி வந்தார்கள். இறக்கியதும் ஃபாதர் மண்ணும் சாம்பிராணியும் வைத்த தட்டை நீட்டி, வழக்கம்போல, “சொந்தக்காரங்க முதல்ல வாங்க” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. “நாங்கதான் ஃபாதர்” என்று ஜெனிஷா முன்னால் போனாள். மொத்த வகுப்பும் அவள் பின்னால் போயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது கேட்டருகே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. மகள் டெஸ்ட்டுக்கு வரவில்லை என்று கோச்சிங்கிலிருந்து மெசேஜ் போய், ரோஸ்லின் டியூட்டி உடையோடு வந்திருந்தார். போயிற்று, ஜெனிஷாவுக்கு இன்றோடு வேதபாடம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் நேராக என்னிடம் வந்தார், குழிக்குள் பார்த்தார், மண்போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

“எங்க வார்டுல ஆளில்லாம எத்தனையோ பேரு போயிருக்கு டீச்சரே. ஒருத்தருக்கும் இப்படிப் பிள்ளைக வந்து நின்னதில்ல. அந்தத் தட்ட இங்க தாங்க, நானும் ஒரு பிடி போடுதேன்.”

பயம் போகாத டீச்சர்

இருந்தாலும் அடுத்த ஞாயிறு நான் பயந்துகொண்டேதான் வகுப்புக்குள் நுழைந்தேன். துக்கத்தில் இளகிய மனசு டெஸ்ட் மார்க் பட்டியலைப் பார்த்ததும் இறுகிவிடலாம். ஜெனிஷா முதல் பெஞ்சில் இருந்தாள். அன்று பாடத்தைத் தொடங்குமுன் கடவுளுக்கும் இந்தப் பங்குக்கும் மனசுக்குள் நன்றி சொன்னேன். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு டீச்சர் என்று பெயர் வாங்க நான் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை.

வகுப்பு முடிந்ததும் ரோஸ்லின் முற்றத்தில் காத்திருந்தார்.

“பழவங்காடிப் பக்கம் வேற கோச்சிங்ல டெஸ்ட்டு உச்சைக்கு மேல, மத்தியானந்தான். அங்க மாத்தியாச்சு. இனி வேதபாடத்த முடக்க வேண்டாம். ஆனா மார்க்கு கொறஞ்சா உங்க வீட்டுக்குத்தான் வருவேன், சொல்லியாச்சு, பறஞ்சேக்காம்!”

ஆகவே டீச்சர்மாரே, பிள்ளைகள் பாடத்தைக் கவனிப்பதே இல்லை என்று புலம்பிக்கொண்டே இருங்கள், கவனித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அவர்களுக்குப் பின்னால் ஓடி நமக்குத்தான் மூச்சு வாங்கும்.